வருவதற்கு நான்கு நிமிடம் முன்னால்

மருதவாசல் அரசு மருத்துவமனை மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த செய்தி வந்தபோது, அவசரப் பிரிவின் பொறுப்பு நர்ஸ் செம்மொழி வாசலில் நின்று ஓர் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். தினமும் வருகிற ஆடு. நோயாளிகள் கையில் வைத்திருக்கும் சீட்டைத் தின்பது அதன் வழக்கம்.

தலைமை மருத்துவர் குஞ்சிதபாதம் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்த மனிதர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்காகக்கூட அவர் அப்படி இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"செம்மொழி! நாமதாம்மா ஃபர்ஸ்ட்டு!"

"எதுல சார்?"

"செப்சிஸ்ல!"

பெஞ்சில் காத்திருந்த பெரியவர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

புண்ணிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, நெஞ்சுச் சளியிலோ தொடங்குகிற கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் நிலைகுலைய வைத்துவிடுவதுதான் செப்சிஸ். ‘ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு’ என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சொல்லும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். போன வருஷம் இதற்கென்று தேசியத் தரநிலை ஒன்று புத்தகமாக வந்திருந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். செப்சிஸ் என்று சந்தேகப்பட்டால், நோயாளி வாசலுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி உடம்பில் ஏறியிருக்க வேண்டும். வந்த நேரத்தையும் ஊசி ஏறிய நேரத்தையும் எழுதி மாதாமாதம் அனுப்ப வேண்டும். இதுதான் அதன் சாரம். மிச்சமெல்லாம் படிவம்.

கூடவே ஒரு சுவரொட்டியும் வந்தது. ‘குருதி நச்சுப்பாட்டை அறிந்திடுவீர், பொன்னான முதல் மணியைக் காத்திடுவீர்.’ அதில் பொன்னையும் மணியையும் மட்டும் படித்த இரண்டு பெண்கள், நகைச் சீட்டில் எப்படிச் சேர்வது என்று வந்து விசாரித்தார்கள். "பேரே செம்மொழின்னு வச்சிருக்க, நீயே விளக்கிச் சொல்லிடும்மா" என்று அந்த வேலையையும் குஞ்சிதபாதம் அவள் தலையில் கட்டினார். பெயர் வைத்தது அவள் இல்லை. கூலி நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டு, கட்சி மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தமிழ் கேட்ட அவள் அப்பா வைத்தது.

மருதவாசலின் சராசரி பத்தொன்பது நிமிடம். இரண்டாம் இடத்தில் இருந்த மருத்துவமனைக்கு ஐம்பத்திரண்டு. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் நாலு பேருக்குச் சந்தேகம் வர வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்குப் பெருமை வந்தது. ‘மருதவாசல் மாதிரி’ என்று பெயர் வைத்து, நாகப்பட்டினம் பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து ஐந்து பேர் அடுத்த வாரம் வியாழக்கிழமை நேரில் வந்து கற்றுக்கொள்வார்கள் என்று கடிதமும் போட்டுவிட்டார்கள். குஞ்சிதபாதம் தன் படம் போட்ட ஃபிளெக்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். மீசைக்கு மட்டும் கொஞ்சம் கறுப்பு சேர்க்கச் சொன்னார்.

செம்மொழிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு அவளிடம் தனிக் காரணம் ஒன்று இருந்தது.

மாசி மாதத்தில் ஈஸ்வரி என்று ஒருத்தி வந்தாள். இருபத்தேழு வயது, பிள்ளை பெற்று ஒன்பதாவது நாள், உடம்பு அனலாகக் கொதித்தது. ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அங்கே இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து, பேரக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்த அவள் அம்மா, செம்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதும் தாமதமாயிடுச்சா தாயி?" என்று கேட்டாள். செம்மொழி பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா, முப்பத்தோரு நிமிஷத்துல மருந்து போட்டுட்டோம்" என்றாள். அந்த முப்பத்தொன்றை அவளும் பத்திரமாக வைத்திருந்தாள். நினைவு வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

விருந்தினர்கள் பார்ப்பார்களே என்று திங்கட்கிழமை அந்தப் பதிவேட்டைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. ஒரு வரிசையில், நோயாளி வந்தது பதினொன்று இருபது. ஊசி போட்டது பதினொன்று பதினான்கு. கை தவறி எழுதிவிட்டோம் என்று நினைத்தாள். இன்னும் நாலு பக்கம் புரட்டினாள். அதே மாதிரி மூன்று பேர். ஒருவருக்கு அவர் வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே ஊசி ஏறியிருந்தது. மாதா மாதம் இந்த விவரத்தை விழுங்கிய மென்பொருளுக்குக் கழித்தல் குறி பிடிக்காது. பூஜ்யம் என்று போட்டுக்கொண்டு போயிருந்தது.

ஊசி நேரத்தைச் செம்மொழி வார்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாள். அதை வாரா வாரம் செல்போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறவளும் அவளேதான். வந்த நேரம் மட்டும் சீட்டுக் கவுண்ட்டரில் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தருவது. நேராகக் கவுண்ட்டருக்குப் போனாள்.

அங்கே ஜெகபர் அலி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டு போடுகிறவர். வருகிறவரின் பெயர், ஊர், மாமனார் பெயர் வரை கேட்டு விசாரித்துவிட்டுத்தான் சீட்டு தருவார்.

"பாய், உங்க கம்ப்யூட்டர்ல மணி என்ன?"

"பன்னெண்டே முக்கால்."

செம்மொழி செல்போனைக் காட்டினாள். சரியாகப் பன்னிரண்டு.

"ஆமா," என்றார் ஜெகபர் அலி, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "முக்கா மணி நேரம் கூடுதலா இருக்கும். கரண்ட் போய் வந்தா இதுல மணி அழிஞ்சுபோயிடும் சிஸ்டர். உள்ள பேட்டரி செத்து மூணு வருஷமாச்சு. நெட்டும் நிக்காது. நான்தான் ஒவ்வொரு தடவையும் என் வாட்சைப் பார்த்து வச்சுடுவேன்."

"உங்க வாட்ச் ஏன் முக்கா மணி நேரம் கூடுதலா ஓடுது?"

அது ஒரு குடும்பக் கதை. கல்யாணமான புதிதில் ஜெகபர் அலி பஸ்ஸைத் தவறவிடுகிறவராக இருந்தார். அவர் மனைவி மெஹராஜ் பேகம் அவருக்குத் தெரியாமல் கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தாள். இரண்டு மாதத்தில் அவர் கண்டுபிடித்து, பத்தைக் கழித்துப் பார்க்கப் பழகிக்கொண்டார். அவள் இருபது ஆக்கினாள். அவர் இருபதைக் கழித்தார். இப்படியே இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடிகாரம் நாற்பத்தைந்து நிமிடம் முன்னேறியிருந்தது. ஜெகபர் அலி அதற்குப் பிறகும் பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எனக்குக் கஷ்டமில்ல சிஸ்டர். மனசுலயே கழிச்சுக்குவேன்."

"கம்ப்யூட்டர் கழிக்குமா பாய்?"

ஜெகபர் அலி திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு செம்மொழியைப் பார்த்தார். "யா அல்லா," என்றார். "அப்ப அந்த ஃபிளெக்ஸு?"

செம்மொழி மாடிக்குப் போய்க் குஞ்சிதபாதத்திடம் சொன்னாள். வந்த நேரம் எல்லாமே முக்கால் மணி பிந்திப் பதிவாகியிருக்கிறது. நம்முடைய உண்மையான சராசரி பத்தொன்பது அல்ல, ஒரு மணி நேரத்தைத் தாண்டும் என்றாள். அவர் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, பாய்க்கு, இப்ப உங்களுக்கு."

"வியாழக்கிழமை வரைக்கும் அப்படியே ஓடட்டும்மா. அவங்க வந்துட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை நானே வந்து சரிபண்றேன்."

"சார், அது மட்டும் இல்ல. நேரம் எங்க போகுதுன்னு பார்த்தேன். மருந்தை எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம்தான் பாதி நேரம் போகுது. அந்த ஆன்டிபயாடிக் ஸ்டோர்ல பூட்டிக் கெடக்கு, சாவி ஃபார்மசிஸ்ட் இடுப்புல கெடக்கு, அவர் டீக்கடையில கெடக்காரு. நம்ம வார்டு அலமாரியிலயே பத்து பாட்டில் வச்சுக்கிட்டா..."

"ஸ்டோர்ல இருக்க வேண்டியது ஸ்டோர்லதான் இருக்கணும். ஆடிட்ல யார் பதில் சொல்றது? போம்மா, போய் அந்த ஆட்டை மட்டும் வியாழக்கிழமை உள்ள விடாம பாத்துக்க."

கீழே வந்து பதிவேட்டை மறுபடி எடுத்தாள். இப்போது தேடிப் பார்க்க வேண்டிய பக்கம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஈஸ்வரி. முப்பத்தொன்று. நாற்பத்தைந்தைக் கூட்டினாள். எழுபத்தாறு.

பணி மருத்துவர் அஃப்ரீன் நாகூர்ப் பெண், படிப்பு முடித்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எதிரே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தவளிடம் செம்மொழி பதிவேட்டைத் திருப்பிக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அஃப்ரீன் விரலால் அந்த வரியைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு டூட்டி நான்தான் அக்கா. ஸ்டோர் தொறக்க ஆளைத் தேடிக்கிட்டு ரெண்டு தடவை வாசலுக்கு ஓடினேன். அப்புறம் பதிவேட்டுல முப்பத்தொன்னுன்னு பாத்ததும், நமக்குத்தான் பதட்டத்துல ரொம்ப நேரமா தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு மேடம்."

வெளியே ஒரு குழந்தைக்கு மூக்கில் பட்டாணி போயிருந்தது. அதைப் பார்க்கப் போனார்கள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விருந்தினர்கள் வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கி வந்தவர் டாக்டர் பரிதி. ஐம்பது வயதைத் தொட்ட பெண், இளம்பச்சைப் பட்டுப் புடவை, உரத்த குரல், கையில் பெரிய கடிகாரம். குஞ்சிதபாதம் எல்லோருக்கும் சால்வை போட்டார். சால்வை போட்டதைப் படம் எடுத்தார்கள். ஒரு படத்தில் ஆடும் இருந்தது.

விருந்தினர்களை அவசரப் பிரிவுக்குள் அழைத்துவந்து சுவரொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்பக்கம் வைக்கோல் மேல் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பெயர் இராஜாங்கம். அறுபத்தைந்து வயது, ஏறக்குறைய ஒரு ஏக்கர், மூன்று மா குத்தகை நிலம். அவர் மனைவி தங்கம்மாளும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். மணி பத்து இருபது.

இராஜாங்கம் நேராகச் செம்மொழியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா வி.ஏ.ஓ! அடங்கல்ல எம்பேரு எங்க? மூணு தடவை மனு குடுத்திருக்கேன். எங்கப்பன் காலத்துலேருந்து சாகுபடி பண்றேன். எம்பேரு எங்க?"

விருந்தினர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குஞ்சிதபாதம் முகத்தில் சிரிப்பை விடாமல், "பெரியவரே, பட்டா, அடங்கல் எல்லாம் தாலுக்கா ஆபீஸ்ல கேக்கணும். இது ஆஸ்பத்திரி" என்றார்.

"நீ யாரு, சர்வேயரா? நீ சும்மா இரு!" என்றார் இராஜாங்கம்.

யாரோ சிரித்தார்கள். செம்மொழி சிரிக்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டும். கையைத் தொட்டாள், ஐஸ் மாதிரி இருந்தது. நெற்றி கொதித்தது.

"எத்தனை நாளா அம்மா இப்படிப் பேசுறாரு?"

"காலையிலேருந்துதான் தாயி. என்னையவே யாருன்னு கேக்குறாரு," என்றாள் தங்கம்மாள். "அஞ்சு நாளைக்கு முன்னால வரப்பு கட்டறப்ப மம்பட்டி கால்ல பட்டுடுச்சு. மஞ்சப் பத்து போட்டுக் கட்டிக்கிட்டு நடவுக்கு எறங்கிட்டாரு. தண்ணி விட்ட நேரம், எப்படி சும்மா இருக்கறதும்பாரு. நேத்திலேருந்து ஒரே நடுக்கம். ஒண்ணுக்கும் போகல."

செம்மொழி காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். நாற்றம் அறை முழுவதும் பரவியது. பட்டுப் புடவைகளும் சால்வைகளும் இரண்டடி பின்வாங்கின. பாதம் வீங்கிக் கறுத்து, இரண்டு விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

"மேடம்!" என்று அஃப்ரீனைக் கூப்பிட்டாள். அஃப்ரீன் ஏற்கெனவே ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலுக்கு ஐம்பது.

செம்மொழி கவுண்ட்டர் பக்கம் திரும்பி, "பாய், இராஜாங்கம்னு ஒரு சீட்டு உடனே போடுங்க!" என்று குரல் கொடுத்தாள். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுச் சீட்டைத் தள்ளியது. பிறகு பரிதியைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவள் எதையும் யோசித்து முடிவெடுக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"மேடம், எங்க வேலையைப் பாக்கத்தானே வந்தீங்க? கையில வாட்ச் இருக்கு. இவரு வந்தது பத்து இருபது. எழுதிக்குங்க."

குஞ்சிதபாதத்தின் சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்தது.

பத்து நிமிடத்தில் இரண்டு கையிலும் ஊசி குத்திக் குளுக்கோஸ் திறந்துவிட்டார்கள். இராஜாங்கம் குத்துகிறவர்களையெல்லாம் கலெக்டரிடம் எழுதிப் போடுவதாக மிரட்டினார். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது. "ஆன்டிபயாடிக், அக்கா" என்று அஃப்ரீன் எழுதி நீட்டினாள். பத்து முப்பத்திரண்டு.

ஸ்டோர் பூட்டியிருந்தது.

ஃபார்மசிஸ்டின் எண்ணுக்குப் போன் போட்டார்கள். பூட்டிய ஸ்டோருக்குள்ளிருந்து ஒரு பக்திப் பாட்டு கேட்டது. போன் உள்ளே சார்ஜில் இருந்தது.

"எங்கே போனாரு அவரு?" என்று பரிதி கேட்டார்.

குஞ்சிதபாதம் மெல்லிய குரலில், "உங்களுக்கு பஃப்ஸ் வாங்கத்தான் அனுப்பினேன்" என்றார். "கடைத்தெரு பேக்கரிக்கு. நடந்து போயிருக்காரு."

பரிதி ஒரு வினாடி அவரைப் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே போய் லோடு ஆட்டோவின் பின்னால் ஏறினார். வைக்கோல் மேல் நின்றபடியே முன்பக்கத் தகரத்தைத் தட்டினார். "பேக்கரிக்கு விடுங்க!" கழுத்தில் சால்வை பறக்க அவர் கடைத்தெரு வழியாகப் போனதைப் பார்த்தவர்கள், இடைத்தேர்தல் வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது.

உள்ளே செம்மொழி இராஜாங்கத்தின் தலைமாட்டில் நின்றாள். இரண்டாவது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தலைக் குறைத்துவிட்டு முனகத் தொடங்கியிருந்தார். அவளுக்கு அந்த முனகல்தான் பயமாக இருந்தது. கத்துகிற வரைக்கும் ஆள் இருக்கிறார். தங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். இப்படித்தான் அன்றைக்கு ஈஸ்வரியின் அம்மாவும் நின்றாள், அதே சுவர், அதே இடம். செம்மொழி கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிமிடத்துக்கு நாலு தடவை பார்த்தாள்.

"பேசுங்கய்யா," என்றாள் அவர் காதருகே குனிந்து. "அடங்கல்ல எந்த சர்வே நம்பர்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நூத்திப் பதினாலு... பை ரெண்டு," என்றார் இராஜாங்கம். "எழுதுறியா?"

"எழுதிட்டேன். நாலெல்லை சொல்லுங்க."

வடக்கே வாய்க்கால், கிழக்கே கோயில் நிலம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தெற்கு எல்லைக்கு வரும்போது லோடு ஆட்டோ திரும்பிவந்தது. ஃபார்மசிஸ்ட் ஒரு கையில் பஃப்ஸ் பெட்டியும் மறு கையில் சாவியுமாகக் குதித்து ஓடினார். பதினொன்று ஒன்றுக்கு மருந்து இராஜாங்கத்தின் நரம்பில் ஏறத் தொடங்கியது. பதினொன்றரைக்கு ரத்த அழுத்தம் நூற்றைத் தொட்டது. பன்னிரண்டு மணிக்கு 108-இல் அவரைத் தஞ்சாவூருக்கு அனுப்பும்போது, "எனக்கு என்னடி ஆச்சு?" என்று தங்கம்மாளைக் கேட்டார். தங்கம்மாள் அப்போதுதான் அழுதாள்.

பிறகு எல்லோரும் மாடியில் கூடினார்கள். பஃப்ஸை யாரும் தொடவில்லை. பரிதியின் தலையில் இன்னும் வைக்கோல் இருந்தது. சீட்டையும் பதிவேட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"டாக்டர் சார், இந்தச் சீட்டுல பேஷண்ட் வந்தது பதினொன்னு அஞ்சுன்னு இருக்கு."

"ம்."

"ஊசி போட்டது பதினொன்னு ஒண்ணு."

"ம்."

"அவரு வர்றதுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே போட்டிருக்கீங்க. இதுதானா மருதவாசல் மாதிரி?"

குஞ்சிதபாதம் தண்ணீர் குடித்தார். செம்மொழி கதவோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பேட்டரி, கரண்ட், ஜெகபர் அலியின் கைக்கடிகாரம், மெஹராஜ் பேகம் வரைக்கும். சொல்லி முடித்து, "உண்மையில இன்னைக்கு நாப்பத்தோரு நிமிஷம் ஆச்சு. அதுவும் உங்களால. நீங்க போகலன்னா ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கும்" என்றாள்.

பரிதி சிரிக்க ஆரம்பித்தார். மேஜை அதிரச் சிரித்தார். கூட வந்த நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க ஆஸ்பத்திரி சராசரி எவ்வளவு தெரியுமா? ஐம்பத்தெட்டு. ஆறு மாசமா ஐம்பத்தெட்டு, ஒரு நிமிஷம் கூடல, கொறையல. எப்படின்னு கேளுங்க."

"எப்படி மேடம்?"

"வந்த நேரத்தோட ஐம்பத்தெட்டைக் கூட்டி எழுதிடுவோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கூட்டத்துலயே தெரியாம தப்பு பண்ணினது நீங்க ஒருத்தர்தான் சார். நாங்கள்லாம் தெரிஞ்சே பண்றோம்."

அதைக் கேட்டுக் குஞ்சிதபாதத்துக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வெகுநேரம் கழித்து, "செம்மொழி, அலமாரியில எத்தனை பாட்டில் வச்சுக்கணும்னு சொன்ன?" என்று கேட்டார்.

"பத்து சார்."

"பதினஞ்சா எழுதிக் கொண்டா. கையெழுத்து போடறேன்."

மறுநாள் கம்ப்யூட்டருக்குப் புதுப் பேட்டரி வந்தது. பழைய கணக்கையெல்லாம் திருத்தி, நடந்தது இது என்று குஞ்சிதபாதம் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார். எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டார். ஆனி மாதத்தின் உண்மையான சராசரி அறுபத்து மூன்று என்று போனது. மருதவாசல் முதலிடத்திலிருந்து கடைசிக்கு முந்தைய இடத்துக்கு வந்தது. ஃபிளெக்ஸை ஜெனரேட்டர் மேல் மழைக்குப் போர்த்தினார்கள். மீசை மட்டும் ஒரு பக்கம் தெரிந்துகொண்டிருந்தது.

இராஜாங்கம் இரண்டு கால்விரல்களைத் தஞ்சாவூரில் விட்டுவிட்டு, மூன்று வாரத்தில் உயிரோடு திரும்பிவந்தார். கட்டு மாற்ற வரும்போதெல்லாம் சாப்பாட்டில் உப்பு இல்லாததைப் பற்றி மட்டும் புகார் சொல்வார். அன்றைய நாளில் வேறு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. யாரோ ஒரு நல்ல அதிகாரி தன் நாலெல்லையைப் பொறுமையாக எழுதிக்கொண்டது மட்டும் ஞாபகம் இருந்தது. "அந்தம்மாவை அதுக்கப்புறம் பாக்கவே முடியல. மாத்தலாகிப் போயிட்டாங்களோ என்னவோ" என்று செம்மொழியிடமே சொன்னார். அவளும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஆடி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்மொழி ஈஸ்வரியின் ஊருக்குப் போனாள். போக வேண்டாம் என்று குஞ்சிதபாதம் சொல்லியிருந்தார். அஃப்ரீன் கூட வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றாள். ஈஸ்வரியின் அம்மா குழந்தையை மடியில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். செம்மொழி நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, அன்னைக்கு முப்பத்தோரு நிமிஷம்னு சொன்னேன். அது தப்பு. கடிகாரத்துல கோளாறு. எழுபத்தாறு நிமிஷம் ஆயிருக்கு."

அந்த அம்மாவின் கை நின்றது. "சீக்கிரம் போட்டிருந்தா பொழைச்சிருப்பாளா?"

"தெரியலம்மா. பொழைச்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியல."

அந்த அம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். செம்மொழி வாசலில் நின்றாள். உள்ளே தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டது, குழந்தை வீறிட்டது, பிறகு அடங்கியது. யாரும் வெளியே வரவில்லை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

மார்கழியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குஞ்சிதபாதம் செம்மொழியை மாடிக்குக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ‘தங்கள் மருத்துவமனையின் சராசரி சென்ற வைகாசியில் பத்தொன்பது நிமிடமாக இருந்து, தற்போது முப்பத்தெட்டு நிமிடமாக உள்ளது. செயல்திறன் சரிபாதியாகக் குறைந்தமைக்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

"நாமதான் எல்லாத்தையும் எழுதிப் போட்டோமே சார்?"

"போட்டோம். யாரு படிச்சா?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இந்த முறை மூன்று நாள் ஆகவில்லை. ‘அப்போது எழுதியது பொய். இப்போது எழுதுவது நிஜம். வேறு விளக்கம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே முத்திரையும் குத்தினார்.

"இதை அப்படியே அனுப்பப் போறீங்களா சார்?"

"இன்னும் ரெண்டு மாசம்தாம்மா சர்வீஸு. என்ன பண்ணிடுவாங்க? ஆமா, இந்த மாசம் எவ்வளவு வரும்?"

"முப்பத்தஞ்சுக்குள்ள வரும்போல இருக்கு."

"அடப்பாவமே. அப்ப எதுக்கு ஒரே மாதிரி இல்லாம மாறிக்கிட்டே இருக்குன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டுச் செம்மொழி கீழே இறங்கினாள். அவசரப் பிரிவு வாசலில் யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.